கறிவேப்பிலையில் கறுப்பு: தோட்டப் பகுதியில் வந்த விடைக்கு ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கறிவேப்பிலை மரத்தின் இலைகளில் கரி பூசியதுபோல் கறுப்புப் படிந்திருப்பதாகவும், அதற்கு என்ன செய்யலாம் என்றும் தங்கள் நாளிதழின் தோட்டப் பகுதியில் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். அது பூசண நோய் என்றும், பூசணக்கொல்லியைப் பதினைந்து நாள் இடைவெளியில் இருமுறை தெளிக்க வேண்டும் என்றும், அப்படியும் போகாவிட்டால் நல்ல வீரியமுள்ள பூச்சிமருந்து ஒன்றையும் சேர்த்து அடிக்கலாம் என்றும் விடை தரப்பட்டிருந்தது. விடை எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அதன் முதல் பாதி பயனற்றது, இரண்டாம் பாதி கெடுதலானது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில், வீட்டுக்குப் பின்னால் மூன்று கறிவேப்பிலை மரங்களும் ஓர் எலுமிச்சையும் வைத்து வளர்த்துவரும் நான், அந்த இரண்டாம் பாதியை என் கையாலேயே செய்து பார்த்துக் கெட்டவன் என்பதால் இதை எழுதத் துணிகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், புரட்டாசி விரதம் தொடங்கும் நேரத்தில், பெரிய கறிவேப்பிலை மரத்தின் அடியில் சிமெண்டுத் தரை காலில் ஒட்டத் தொடங்கியது. தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன்: இங்கே ஆடிக்கூழ் ஊற்றுவது குளிர்காலத்தில், புரட்டாசியில்தான் குளிர் விலகி மரங்கள் துளிர்விடும். பேரப்பிள்ளைகள் குளிர்பானத்தைச் சிந்தியிருப்பார்கள் என்று எண்ணி என் மனைவி தரையை இரண்டு முறை தேய்த்துக் கழுவினார். மறுநாளே மறுபடியும் ஒட்டியது. கொடியில் காயப்போட்ட வேட்டியில் பொடிப்பொடியாகப் பிசுக்குப் புள்ளிகள் விழுந்திருந்தன. அடுத்த சில வாரங்களில் கீழ்க்கிளை இலைகளின் மேற்புறம் மங்கி, பிறகு புகைக்கூண்டின் உட்புறம்போல் கறுத்துவிட்டது. நாங்களும் இலை நோய் என்றே முடிவு கட்டினோம்.

பேருந்து நிலையத்தருகே நடைபாதையில் விற்கும் ஒருவரிடம், முன்பு பழரசம் இருந்த பிளாஸ்டிக் பாட்டிலில் பால்போல் வெளுத்திருந்த ஒரு திரவத்தை 40 ரேண்ட் கொடுத்து வாங்கிவந்தேன். அதில் பெயர்ச்சீட்டும் இல்லை, அளவும் இல்லை. எறும்பு முதல் எலி வரை எதுவானாலும் சாகும் என்று அவர் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். தெளித்த மறுநாள் காலையில் தரையில் பொறிவண்டுகளும் சிலந்திகளும் சிறு ஈக்களுமாகச் செத்துக் கிடந்தன. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்தேன். பத்து நாள் எறும்பையே காணவில்லை. தை பிறந்து காவடிக்கு வீட்டில் சமையல் நடந்த நாளில் ஒரு கொத்துக்கூடப் பறிக்க முடியாதபடி மரம் முழுவதும் கறுத்து, இளங்கிளைகளில் பட்டை தெரியாத அளவுக்குப் பழுப்பு நிறப் பொருக்குகள் அடை அடையாக மண்டியிருந்தன. பூச்சி ஒழிவதற்கு அடித்த மருந்தால் பூச்சி பெருகுமா என்ற கேள்வி அப்போதுதான் எனக்கு எழுந்தது.

அந்தப் பொருக்கு ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்துப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடியில் பார்த்தபோது, அது மரத்தின் பொருக்கு அன்று, உயிருள்ள பூச்சி என்பது தெரிந்தது. மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம்; நீள்வட்டம்; இலையோடு இலையாக ஒட்டிய தட்டையான உடல்; மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தின்மேல் தேமல்போலத் திட்டுகள். தலை எது, வால் எது என்று முதலில் பிடிபடவில்லை. சற்று உற்றுப் பார்த்தால் ஒரு முனையில் சிறு பிளவு தெரிகிறது. அப்பிளவின் தொடக்கத்தில் இரண்டு சிறு முக்கோணத் தகடுகள் கதவுபோல் சேர்ந்திருக்கின்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அந்தக் கதவு திறந்து, கண்ணாடிமணி போன்ற ஒரு துளி வெளியே வந்து தெறித்தது. என் வேட்டியில் விழுந்ததும், தரையில் ஒட்டியதும், இலையில் கறுத்ததும் அந்தத் துளிதான்.

இதுவே மென்செதில் பூச்சி. என் மரத்தில் இருந்தது அவ்வினத்தில் உலகெங்கும் பரவிய பழுப்பு மென்செதில் பூச்சி. 1758ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டு உயிரியலறிஞர் லின்னேயஸ் பெயரிட்டுப் பதிந்த பூச்சி இது. எலுமிச்சைக் குடும்பத்து மரங்கள் இதற்கு மிகவும் பிடித்தமானவை. கறிவேப்பிலையும் அந்தக் குடும்பமே என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பெண்பூச்சிக்கு இறக்கை கிடையாது. ஆண்பூச்சி அரிது, ஆண் இல்லாமலேயே பெண்பூச்சி குஞ்சுகளை ஈனும். முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே முதிர்ந்துவிடுவதால், தாயின் அடியிலிருந்து கடுகினும் சிறிய மஞ்சள் குஞ்சுகள் நேரே வெளிவந்து ஓரிரு நாள் அலைந்து, இலையின் நடுநரம்பை ஒட்டியோ இளங்கிளையிலோ இடம்பிடித்து, வாயூசியைச் செருகி அமர்ந்துவிடுகின்றன. வெயில் காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரவ இவற்றுக்குக் காற்றும் பறவைக்காலும் போதும். நாம் அன்போடு அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும் கறிவேப்பிலைக் கன்றோ இன்னும் வசதியான வண்டி.

இலைகளில் உணவு தயாரானதும் அது சர்க்கரைக் கரைசலாக மரத்தின் மெல்லிய குழாய்கள் வழியே வேருக்கும் துளிருக்கும் போகிறது. மென்செதில் பூச்சி தன் மயிர்போன்ற வாயூசியை நேராக அந்தக் குழாயில்தான் இறக்குகிறது. குழாய்க்குள் சாறு அழுத்தத்தோடு ஓடுவதால், குத்திவிட்டால் போதும், சாறு தானாகவே ஏறிவரும். அந்தச் சாற்றில் சர்க்கரை மிகுதி. உடல் வளரத் தேவையான புரதச் சத்தோ மிகக் குறைவு. ஆகவே தனக்கு வேண்டிய சத்தைச் சேர்ப்பதற்குப் பூச்சி வேண்டாத அளவுக்குச் சர்க்கரை நீரைக் குடித்துத் தீர வேண்டியிருக்கிறது. மிஞ்சியதைக் கழிப்பதற்கென்றே அதன் குடலின் முன்பகுதியும் பின்பகுதியும் ஒன்றோடொன்று ஒட்டி அமைந்திருக்கின்றன. நீரும் சர்க்கரையும் குறுக்குவழியாகப் பின்குடலுக்குப் போய்த் துளித்துளியாக வெளியேறிவிடுகின்றன. இந்தக் கழிவைத் தேன்கழிவு என்று வேளாண் நூல்கள் சொல்கின்றன; நக்கிப் பார்த்தால் இனிக்கத்தான் செய்கிறது. என் மனைவி அறியாமல் நான் நக்கிப் பார்த்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இனிப்பின்மேல்தான் கரும்பூசணம் வளர்கிறது. அது இலைக்குள் நுழைவதில்லை, இலையைத் தின்பதுமில்லை. மேசைமேல் சிந்திய சர்க்கரைத் தண்ணீரில் பூசணம் படர்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஈரத்துணியை விரலில் சுற்றித் துடைத்தால் கறுப்பு அப்படியே உரிந்துவந்து, அடியில் பச்சை இலை பழுதின்றித் தெரியும். வெயிலை மறைப்பதால் மரம் சோரும் என்பது மெய். ஆனால் பூசணக்கொல்லி இந்தக் கறுப்பைக் கொன்றாலும் மேலிருந்து இனிப்புச் சொட்டுவது நிற்காதவரை அடுத்த மாதமே புதிய பூசணம் வரும். தங்கள் தோட்டப் பகுதியின் விடை ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைக்கச் சொல்வதாக இருக்கிறது.

இலையில் ஒட்டியிருப்பதெல்லாம் மென்செதில் பூச்சி என்றும் எண்ணிவிடக் கூடாது. வன்செதில் பூச்சி என்றொரு கூட்டம் உண்டு. எலுமிச்சைப் பழத்தின் தோலில் சிவப்புப் புள்ளிகளாக ஒட்டியிருப்பவை அவை. அவற்றின் ஓடு உடலிலிருந்து பிரிந்த ஒரு மூடி. ஊசி நுனியால் நெம்பினால் மூடி தனியாக வரும், பூச்சி அடியில் தங்கிவிடும். அவை சர்க்கரைக் குழாயைத் தொடாமல் இலையின் உயிரணுக்களை மட்டும் உறிஞ்சுவதால் தேன்கழிவும் இல்லை, கறுப்பும் இல்லை, எறும்பும் வருவதில்லை. மென்செதில் பூச்சிக்கோ முதுகே ஓடு. பிரிக்க முயன்றால் பூச்சியே நசுங்கும். பஞ்சுபோல் வெள்ளையாக இருந்தால் அது பெரும்பாலும் மாவுப்பூச்சி. கறிவேப்பிலையின் இளந்துளிரில் மேற்புறம் அம்மைக் கொப்புளம்போல் புடைத்து, அடிப்புறத்தில் குழி விழுந்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு சிறு உயிர் பதுங்கியிருந்தால் அது முற்றிலும் வேறு. அது ஆப்பிரிக்க எலுமிச்சைத் துள்ளுபூச்சி. எலுமிச்சை, ஆரஞ்சு முதலிய கிச்சிலி மரங்களுக்கு, பழத்தைப் பச்சையாகவே நிறுத்திவிடும் பச்சையாக்கும் நோயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுவே என்பதால், கறிவேப்பிலைக் கன்றைக் கிச்சிலித் தோட்டங்கள் உள்ள பகுதிக்கு எடுத்துச்செல்பவர்கள் அதை மறவாமல் பார்க்க வேண்டும். மென்செதில் பூச்சியிலும் பல வகைகள் இங்கே உண்டு. முதுகில் ஆங்கில எச் எழுத்து வடிவில் மேடு கொண்ட கருஞ்செதில் பூச்சி, வெண்ணெய்ப்பழ மரத்தில் இதய வடிவில் ஒட்டும் ஒன்று, மென்று துப்பிய சூயிங்கம்போல் கிளையில் திரளும் வெண்மெழுகுச் செதில் பூச்சி ஆகியவற்றை நம் தோட்டங்களில் காணலாம்.

என் மருந்து ஏன் தோற்றது என்பதற்கு விடை எறும்பிடம் இருந்தது. தேன்கழிவுக்காக எறும்புகள் இப்பூச்சிகளை ஆடுமாடுபோல் மேய்க்கின்றன என்று சொல்வார்கள். அது வெறும் உவமை இல்லை. மென்செதில் பூச்சிக்குப் பகை பல. கொசுவினும் சிறிய ஒட்டுண்ணிக் குளவி அதன்மேல் அமர்ந்து உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று முடித்து, முதுகில் வட்டமாக ஓட்டை போட்டுக் குளவியாகப் பறந்துபோகும். குளவி ஒரு பூச்சியில் முட்டையிடச் சற்று நேரம் அசையாமல் நின்றாக வேண்டும். எறும்பு ஓயாமல் குறுக்கும் நெடுக்கும் ஓடினால் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. பொறிவண்டின் புழுவையோ எறும்பு கடித்தே விரட்டிவிடும். அதோடு, எறும்பு வந்து துளிகளை எடுத்துச் செல்லாவிட்டால் நெருக்கமாகக் குடியிருக்கும் குஞ்சுகள் தம் இனத்தின் கழிவிலேயே ஒட்டிச் சாகும். ஆக, காவலும் துப்புரவும் எறும்பின் பொறுப்பு. சம்பளம் சர்க்கரையாகக் கிடைக்கிறது.

நான் தெளித்த நச்சு குளவியையும் பொறிவண்டையும் முதலில் கொன்றது. எறும்புகளில் மரத்தின்மேல் இருந்தவை மட்டும் செத்தன. புற்றுக்குள் இருந்த இராணியும் கூட்டமும் பத்து நாளில் மறுபடியும் ஆள் அனுப்பிவிட்டன. செதில் பூச்சிகளிலும் தாய்களின் அடியில் இருந்த குஞ்சுகள் தப்பின. பகையற்ற ஊரில், காவலோடு, துளிர்க்கும் பருவத்தில் அவற்றுக்கு வேறென்ன வேண்டும்? இது என் கற்பனையன்று. வன்செதில் பூச்சியை ஒழிக்கவென்று பாரத்தியான் என்னும் கொடிய மருந்து கிச்சிலித் தோட்டங்களுக்கு வந்தபின், அதுவரை பெரிதாகத் தொல்லை தராத பழுப்பு மென்செதில் பூச்சி திடீரெனப் பெருகியது. அந்த மருந்தும் எறும்பும் பழுப்புச் செதில் பூச்சியையும் அதன் இயற்கைப் பகைவர்களையும் எப்படிப் பாதிக்கின்றன என்பதை ஆராய்ந்து அன்னெக்கே என்னும் தென்னாப்பிரிக்கப் பூச்சியியலறிஞர் 1959இல் எழுதிய கட்டுரை இத்துறையினர் இன்றும் எடுத்துக்காட்டும் ஒன்று. உலகில் மிக அதிகமாகக் கிச்சிலிப் பழங்களை ஏற்றுமதி செய்யும் நாடுகளில் ஒன்றான இந்நாட்டின் பெருந்தோட்டக்காரர்கள், செதில் பூச்சிக்கு முன்பாக எறும்பைக் கவனிக்க வேண்டும் என்பதை நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது நம் கொல்லைப்புறங்களுக்கு மட்டும் ஏன் வந்து சேரவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதில் நம் நாட்டுக்குப் பெருமை தரும் செய்தியும் உண்டு. 1937இல் கலிபோர்னியாவின் எலுமிச்சைத் தோட்டங்களைக் கருஞ்செதில் பூச்சியிடமிருந்து காக்கத் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு குளவியினத்தைக் கொண்டுபோனார்கள். அது அங்கே நிலைத்துப் பெரும் பயன் தந்தது. ஆஸ்திரேலியாவில் வெண்மெழுகுச் செதில் பூச்சியை அடக்கியதும் இங்கிருந்து போன குளவிகளே. உலகம் தேடிவந்து அள்ளிச்செல்லும் இந்தச் சிற்றுயிர்கள் நம் வேலியோரத்தில் கூலியில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கையில், அவற்றை 40 ரேண்ட் பாட்டிலால் கொன்றவன் நான். இந்தியாவிலிருந்து வந்து இங்கே வேரூன்றிவிட்ட கரும்பொறிவண்டு ஒன்றும் உண்டு. அதற்கு வன்செதில் பூச்சியே முதல் விருப்பம். கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளையாகிய எனக்கு அதன்மேல் தனி வாஞ்சை என்பதைத் தவிர அதை இங்கே குறிப்பிட வேறு காரணம் இல்லை.

நம்மவர்களின் வரலாற்றிலும் இந்தப் பூச்சிக்கு ஒரு பக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கூலிகளை நம்பி நடந்த இலங்கைக் காப்பித் தோட்டங்களை 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் நலித்தது என்பது பலருக்கும் தெரியும். நலிந்துகிடந்த அந்தச் செடிகளை 1882 முதல் பச்சைச் செதில் பூச்சியும் பிடித்துக்கொண்டது. காப்பி போய்த் தேயிலை வந்ததில் அதற்கும் பங்குண்டு. பச்சைச் செதில் பூச்சி பழுப்புச் செதில் பூச்சியின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். மறுபுறம், நம் முன்னோர் நகைக்கு உள்ளே நிரப்பிய அரக்கைத் தருவதும் இதே பெருங்குலத்துப் பூச்சிதான். ஒன்றை அரக்கு என்று விலை கொடுத்து வாங்குகிறோம், மற்றொன்றை நஞ்சிட்டுக் கொல்கிறோம்.

இனி, விடை எழுதியவர் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். கறிவேப்பிலை நாம் பறித்த கையோடு தாளிக்கும் இலை. காய்போல் தோல் சீவ முடியாது. பழம்போல் உரிக்கவும் முடியாது. இதில் பெயர் தெரியாத நஞ்சைத் தெளிப்பதைப்போன்ற மடமை வேறில்லை. 2024 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க் நகரின் சொவெட்டோ பகுதியிலுள்ள நலெடியில் ஆறு பிள்ளைகள் இறந்ததையும், டெர்புஃபோஸ் என்னும் வேளாண் நஞ்சே அதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டதையும், 2025 ஜூனில் அதைத் தடைசெய்ய அமைச்சரவை ஒப்புதல் தந்ததையும் இந்நாட்டில் அறியாதவர் இல்லை. வயல்களுக்கென்று செய்யப்பட்ட நஞ்சு தெருவில் சில்லறையாக விற்கப்படுவதே அந்தத் துயரத்தின் வேர். முறையாகப் பதிவான மருந்தின் பெயர்ச்சீட்டில், உரம், பூச்சிமருந்து பற்றிய 1947ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தைக் குறித்து, எல் என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவெண் அச்சிடப்பட்டிருக்கும். அது இல்லாத பாட்டிலைக் கையால் தொடவும் வேண்டாம். 'வீரியமுள்ள மருந்து' என்று ஒரு நாளிதழ் பெயர் சொல்லாமல் எழுதினால், வாசகர் போய் நிற்கும் இடம் எந்த நடைபாதை என்பதை நான் அனுபவத்தில் அறிவேன்.

முதல் வேலை எறும்பின் பாதையை அடைப்பது. தண்டில் துணியையோ தடித்த தாளையோ இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் ஒட்டும் பசையைப் பூச வேண்டும். பசையை நேரே பட்டையில் பூசினால் மரம் வெந்துபோகும். தூசி படிந்து பசை காய்ந்துவிடுவதால் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். இதைச் செய்த பிறகும் மூன்று வாரம் என் மரத்தில் எறும்பு குறையவில்லை. எங்கிருந்து ஏறுகின்றன என்று ஒரு மாலை முழுவதும் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். துணி காயப்போடும் கொடியின் ஒரு முனையை நானே அந்த மரத்தில் கட்டிவைத்திருந்தேன். சுவரிலிருந்து கொடிக்கயிற்றின் வழியே, துணிக்கவ்விகளைச் சுற்றிக்கொண்டு, இருவழிச் சாலைபோல் அவை போய்வந்துகொண்டிருந்தன. கொடியை அவிழ்த்து வேறிடத்தில் கட்டி, சுவரையும் வேலியையும் தொட்ட கிளைகளை வெட்டியபின்தான் பசைப்பட்டை தன் வேலையைச் செய்தது.

அடுத்தது, அடர்ந்து அப்பியிருக்கும் கிளைகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதும், மற்றவற்றைப் பழைய பல்துலக்கும் தூரிகையால் தேய்த்து உதிர்ப்பதும். பெரிய மரத்தில் எல்லாவற்றையும் தேய்க்க முடியாது, தேய்க்கவும் தேவையில்லை. மிஞ்சியவற்றைக் குளவி பார்த்துக்கொள்ளும். முதுகில் வட்ட ஓட்டை விழுந்த பொருக்குகளைக் கண்டால் அந்தக் கிளையில் கைவைக்காமல் விடுவது நல்லது. குளவி அங்கே குடித்தனம் நடத்துகிறது என்று பொருள். தெளித்துத்தான் ஆக வேண்டுமானால் ஒரு லிட்டர் நீருக்கு 10 மில்லி சோப்புக் கரைசல், அல்லது 5 மில்லி வேப்பெண்ணெயோடு அது கலக்கும் அளவுக்குச் சிறிது சோப்பு போதும். பாத்திரம் கழுவும் சோப்பு சில துளிர்களைக் கருக்கிவிடும் என்பதால் முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பார்க்க வேண்டும். உச்சிவெயிலிலும், மரம் தண்ணீரின்றி வாடியிருக்கும்போதும் அடிக்கக் கூடாது. இலையின் அடிப்புறம் நனையாவிட்டால் அடித்தும் பயனில்லை. பறிப்பதற்கு முன் நல்ல தண்ணீரால் மரத்தைக் கழுவிவிட வேண்டும்.

சோப்பும் எண்ணெயும் முதிர்ந்த தாயை அவ்வளவாகத் தொடுவதில்லை. அலையும் குஞ்சுகளையே கொல்லும். ஆகவே காலமறிந்து அடிப்பதில்தான் பயன் இருக்கிறது. இருபக்கமும் ஒட்டும் டேப்பை இளங்கிளையில் ஒரு சுற்றுச் சுற்றிவைத்து, நாள்தோறும் கண்ணாடியில் பார்த்தால், குஞ்சுகள் கிளம்பும் நாளில் அதில் மஞ்சள் புள்ளிகள் ஒட்டியிருக்கும். என் மரத்தில் அது பெரும்பாலும் புரட்டாசியின் முதல் துளிரோடு வருகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். செத்த பூச்சி உடனே உதிர்ந்துவிடாது. மாதக்கணக்கில் இலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மருந்து பலிக்கவில்லை என்று பலர் மறுபடியும் மறுபடியும் அடிப்பது இதனால்தான். நகத்தால் அழுத்திப் பார்த்தால் உயிருள்ளது நீர் கசியும். செத்தது காய்ந்த தவிடுபோல் உதிரும். அளவுக்கு மிஞ்சிய யூரியாவும் துளிர்களைக் கொழுக்கவைத்துப் பூச்சிக்கு விருந்தாக்கும் என்பதால், கறிவேப்பிலைக்குப் புளித்த மோரோ மட்கிய எருவோ போதும் என்பது என் கருத்து.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் என் மரம் மட்டுமன்று. எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றின் முற்றத்தில் நிற்கும் முதிர்ந்த மாமரத்தின் இலைகள் சென்ற கோடையில் கறுத்து, வெறுங்காலோடு வலம் வருபவர்களின் பாதங்களில் தரை ஒட்டத் தொடங்கியது. தோரணத்துக்கு இலை பறிக்க முடியவில்லை என்றார்கள். மரத்துக்குத் தோஷம் என்றார் ஒருவர். மரத்தை வெட்டிவிடலாம் என்று நிர்வாகத்தினர் ஏறக்குறைய முடிவே செய்துவிட்டனர். தங்கள் நாளிதழின் தோட்டக் குறிப்பையே அச்சிட்டபடி வெட்டி எடுத்து ஒருவர் கூட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார். மருந்து அடித்தும் போகாவிட்டால் வெட்டுவதுதான் வழி என்பது அவர் வாதம். நான் ஒரு கறுத்த இலையைக் கொண்டுபோய் அவர்கள் முன்னிலையில் ஈரத்துணியால் துடைத்துக் காட்டினேன். பிறகு அதைத் திருப்பி, நடுநரம்பை ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருந்த பூச்சிகளையும் அவற்றினிடையே ஓடிய எறும்பையும் கண்ணாடியில் பார்க்கச் சொன்னேன். மரத்துக்கு அடுத்த சித்திரை வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். பசைப்பட்டை கட்டியாயிற்று, மடப்பள்ளிக் கூரையைத் தொட்ட இரண்டு கிளைகளையும் வெட்டியாயிற்று. மேல்கிளைகளில் ஓட்டை விழுந்த பொருக்குகளைச் சென்ற வாரம்தான் முதன்முதலாகக் கண்டேன்.

ஆகவே, தோட்டப் பகுதியில் வெளிவந்த விடையைத் திருத்தி, பூசணக்கொல்லி தேவையில்லை என்பதையும், பெயர்ச்சீட்டில்லாத பூச்சிமருந்தை உண்ணும் இலையில் தெளிக்கக் கூடாது என்பதையும், எறும்பை முதலில் தடுக்க வேண்டும் என்பதையும், அந்த விடை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், புரட்டாசி தொடங்குவதற்கு முன்பாக வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். கேள்வி கேட்ட அந்த வாசகி இதற்குள் மருந்து வாங்கிவிட்டாரா என்பது எனக்குத் தெரியாது. வாங்கியிருந்தால், தெளிக்கும் முன் ஓர் இலையைத் துடைத்துப் பார்க்கும்படி அவருக்கு மட்டுமாவது இன்றே எழுதிவிடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.